தலைகீழாக நின்ற ரோஜாக்கள்

போன மாதம் எங்கள் காம்பவுண்டில் ஒரு சண்டை. சண்டை என்றால் சத்தம் இருக்க வேண்டும், இல்லையா? இதில் சத்தமே இல்லை. அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நடுவில் கட்டில் நிறைய வெட்டிப் போட்ட துணி. இந்த மாதிரி சண்டையைப் பார்த்தால்தான் எனக்கு பயம். கத்துகிறவர்களைச் சமாதானம் செய்துவிடலாம். வாயே திறக்காதவர்களை என்ன செய்வது?

அம்மா, மஞ்சுளா. எங்கள் கீழ் வீடு. சாமல்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு வந்தவள். கணவர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இவள் வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் மஞ்சுளா தைத்த நைட்டியில்தான் பால் வாங்க வருவோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகள், பவித்ரா. பெங்களூரில் டெக்ஸ்டைல் டிசைன் கடைசி வருஷம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். "என்னம்மா படிக்கிறே?" என்று ஆரம்பத்தில் கேட்டேன். "துணியில வர்ற பூவை யாரோ ஒருத்தர் வரையணும்ல ஆண்ட்டி, அதைப் படிக்கிறேன்" என்றாள். இத்தனை வருஷம் புடவைக் கடையில் உட்கார்ந்து "பூ சின்னதா காட்டுங்க, பெருசா காட்டுங்க" என்று உயிரை எடுத்திருக்கிறேனே… அந்தப் பூவை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்குமா?

கடைசி வருஷத்தில் சொந்தமாக ஒரு பிரின்ட் உருவாக்கி, அதைத் துணியில் அடித்து, உடையாகத் தைத்துக் காட்ட வேண்டும். பவித்ரா எதை வரைந்தாள் தெரியுமா? தொப்பி போட்ட ரோஜா!

ஓசூர்க்காரர்களுக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பாலி ஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூரைப் பண்ணைகளில் ஏற்றுமதி ரோஜா வளர்க்கிறார்கள். மொட்டு சீக்கிரம் விரியாமல் பெரிதாக வளர, ஒவ்வொன்றுக்கும் ஒரு வலைத் தொப்பி மாட்டிவிடுவார்கள். வரிசை வரிசையாக, நீளக் காம்புடன், தலையில் தொப்பியோடு நிற்கும். காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்களும் அப்படித்தானே? கம்பெனிக்குள் போனால் தலையில் வலைத் தொப்பி. பவித்ராவின் ரோஜாக்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள் மாதிரியே நின்றன. ஒன்று பக்கத்து ரோஜாவின் மேல் சாய்ந்து தூங்கியது. ஒன்று மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு விரிந்திருந்தது. எனக்கு அந்த ஒன்றைத்தான் ரொம்பப் பிடித்தது.

பெங்களூரில் கொடுத்து துணியில் அடித்து வாங்கிவந்தாள். மங்கின பச்சையில் இளஞ்சிவப்பு. அவ்வளவு அழகு! நான்கு டாப் தைக்கத் திட்டம். மூன்று, அவளுடைய தோழிகள் போட்டுக்கொண்டு நிற்க. ஒன்று அம்மாவின் அளவுக்கு. "ஃபேஷன்னா ஒல்லியா இருக்கறவங்களுக்கு மட்டுமா ஆண்ட்டி?" என்றாள். என் உடம்பைப் பார்த்துச் சொன்னாளோ என்னவோ, மனசுக்கு இதமாக இருந்தது.

சனிக்கிழமை காலேஜில் டிஸ்ப்ளே. மார்க் போட வெளியிலிருந்து வருவார்கள். ஒரு பெரிய கார்மென்ட்ஸ் கம்பெனியிலிருந்தும் ஆள் வந்து, பிரின்ட் டிசைன் வேலைக்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வேலை கிடைத்தால் அப்பா ஓவர்டைம் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை பவித்ரா காலேஜ் போய்விட்டாள். பாவம், மகள் அலைந்து களைத்துப்போய் வருவாளே, வருவதற்குள் வெட்டி வைத்துவிட்டால் உடனே தைக்க உட்காரலாமே என்று மஞ்சுளா நினைத்தாள். அளவெல்லாம் பவித்ரா ஏற்கெனவே கொடுத்திருந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். நான் டீ டம்ளரோடு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு நைட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். பூக்கள் ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும். கலைந்து கிடக்கும். அது அலட்சியம் இல்லை. துணியை எப்படித் திருப்பி வெட்டினாலும் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி அடிக்கிறார்கள். நைட்டி மேலே குறுகல், கீழே அகலம். ஒன்றை நேராக வைத்து, பக்கத்துச் சந்தில் அடுத்ததைத் தலைகீழாகச் செருகினால் நிறையத் துணி மிச்சமாகும். மஞ்சுளாவின் கைக்கு இந்த ஒரு வழிதான் தெரியும். பின்பக்கங்களை முதலில் வைத்தாள். இடையில் கிடைத்த சந்துகளில் முன்பக்கங்களைத் தலைகீழாகச் செருகினாள். வெட்டி முடித்து மிச்சத் துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களாக்கா, எவ்ளோ மிச்சம் புடிச்சிருக்கேன்! இந்தத் துணி வெல ஜாஸ்தின்னு சொல்லிக்கினு இருந்தா. வந்து பாத்தா அவளே அசந்துடுவா."

நானும் "கெட்டிக்காரிதான் நீ" என்றேன். பவித்ராவின் ரோஜாக்கள் எல்லாமே ஒரே திசையில், மேல் நோக்கி நிற்பவை என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

சாயங்காலம் பவித்ரா வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். ஒரு முன்பக்கத் துண்டைக் கையில் எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா… பூவெல்லாம் தலைகீழா இருக்குதும்மா."

"எங்கடி?" மஞ்சுளா தன் அளவுக்கு வெட்டிய துண்டை வாங்கி, நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "நேராத்தானே இருக்குது?"

"தலைகீழா இருக்குதும்மா!"

"என்னாடி சொல்றே? எனக்கு நேராத்தான் தெரியுது."

"கண்ணாடியில பாரும்மா."

மஞ்சுளா துணியோடு பீரோ கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். பார்த்தாள். நாலு டாப்பின் முன்பக்கமும் அப்படித்தான். ரோஜாக்கள் எல்லாம் தொப்பி கீழே, காம்பு மேலே என்று தொங்கிக்கொண்டிருந்தன. அவள் முகம் சுருங்கியது. திரும்பத் துணி அடிக்க ஒரு வாரம் ஆகும். டிஸ்ப்ளேவுக்கு அவ்வளவு நாள் இல்லை. மிச்சத் துணி நீளமாக இருந்தாலும் அகலம் போதாது, ஒரு முன்பக்கம்கூட வராது.

பவித்ரா திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதுதான் நான் சொன்ன சத்தமில்லாத சண்டை.

மஞ்சுளாதான் முதலில் பேசினாள்.

"டெய்லர் கெடுத்துட்டான்னு சொல்லிடும்மா. நான்தான்னு யாருக்குத் தெரியப் போவுது? ஒரு டெய்லரு… புத்தி இல்லாதவன்… கெடுத்துட்டான்னு சொல்லு."

தன்னையே புத்தி இல்லாதவன் என்று மூன்றாம் மனிதரைப் போல் திட்டிக்கொள்கிறாள்! ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று நானும் ஒரு யோசனை சொன்னேன்.

"எதுக்கு டெய்லர்? வேணும்னுதான் இப்படிச் செஞ்சேன், இதுதான் கான்செப்ட்டுன்னு சொல்லிடு. இந்தக் காலத்துல கான்செப்ட்னு சொன்னா யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டாங்க."

பவித்ரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து நூல் கோக்க ஆரம்பித்தாள். வெட்டியது வெட்டியபடியே தைக்கிறாள்! மஞ்சுளா சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை.

மறுநாள் காலை மாடிப்படி இறங்கினேன். கீழ்ப்படியில் பவித்ரா, தைத்து முடித்த முதல் டாப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆண்ட்டி, இங்க வந்து என் தோள் வழியா பாருங்க."

அவளுக்குப் பின்னால் ஒரு படி மேலே நின்று குனிந்தேன். ரோஜாக்கள் நேராக நின்றன! தொப்பி மேலே, காம்பு கீழே. பஸ் ஸ்டாப் முழுக்க ஆள்.

"அம்மா பொய் சொல்லல ஆண்ட்டி. அம்மாவுக்கு நேராத்தான் தெரிஞ்சிருக்குது. நான் இந்தப் பூவை கம்ப்யூட்டர்ல எத்தனையோ நாள் பாத்தேன். எதிர்ல இருந்தே பாத்தேன். போட்டுக்கினு பாக்கவே இல்ல."

"அப்ப கான்செப்ட்டுன்னு தைரியமா சொல்லலாம்!" என்றேன். சிரித்தாள். ஆனால் தலையாட்டவில்லை.

சனிக்கிழமை மஞ்சுளா வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். "அங்க எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்கக்கா. நான் செஞ்சு வெச்ச வேலைய நானே போயி எப்படிப் பாக்கறது?" இழுத்துக்கொண்டு போனேன். அத்திப்பள்ளி தாண்டும் வரை பஸ்ஸில் "திரும்பிப் போயிடலாம்க்கா" என்றே வந்தாள்.

காலேஜ் ஹாலில் வரிசையாக மேஜைகள். பவித்ராவின் மூன்று தோழிகள் டாப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அம்மா அளவு டாப் மட்டும் ஸ்டாண்டில். நாங்கள் இருவரும் சுவரோடு சுவராக, யாரோ போல நின்றோம்.

மார்க் போட வந்தவர்களில் ஒரு அம்மா, கன்னடக்காரர். மூக்குக் கண்ணாடியை இறக்கி, டாப்பையே உற்றுப் பார்த்தார். முன்பக்கம் ஒரு தடவை. பின்பக்கம் ஒரு தடவை. கேட்டே விட்டார்.

"பிரின்ட் உல்ட்டா இதே… யாரு கட் மாடித்து?"

பிரின்ட் தலைகீழாக இருக்கிறதே, யார் வெட்டியது என்கிறார். ஓசூரில் இருந்துகொண்டு கன்னடம் புரியாதா? மஞ்சுளா என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் வளையல் சதையில் பதிந்தது. பவித்ரா எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. இருந்தும் வாயை மட்டும் அசைத்து "டெய்லரு… டெய்லரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நம்மம்மனே கட் மாடித்து, மேடம்" என்றாள் பவித்ரா.

எங்க அம்மாதான் வெட்டினாங்க என்கிறாள். அதோடு நிறுத்தவில்லை. திரும்பி, சுவரோரம் நின்றவளைக் கை காட்டினாள். ஹாலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா நைட்டி தைக்கிறவர், துணியை வீணாக்கத் தெரியாதவர், தப்பாகத்தான் வெட்டினார் என்று ஒளிக்காமல் சொன்னாள். பிறகு, "போட்டுக்கினு குனிஞ்சு பாருங்க மேடம்" என்றாள். கன்னடத்தில் ஆரம்பித்தது பாதியில் தமிழாகிவிட்டது. அந்த அம்மாவுக்கும் புரிந்துவிட்டது, எல்லைப் பக்கம் அப்படித்தானே!

அவர் ஸ்டாண்டிலிருந்து டாப்பை எடுத்தார். தன் மேல் வைத்துக்கொண்டு குனிந்தார். ஒரு நிமிஷம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது மஞ்சுளாவைப் பார்த்துச் சிரித்தார்.

சினிமாவாக இருந்தால் வேலையும் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. கம்பெனிக்காரர் நல்ல மனிதர்தான். "பிரின்ட் ரொம்ப நல்லா இருக்குமா. ஆனா கடையில ஹேங்கர்ல மாட்டி வெச்சிருக்கும்போது எதிர்ல இருந்துதானே பாப்பாங்க? விக்காது" என்றார். நியாயம்தான். வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. பவித்ராவுக்கு பிரின்ட்டுக்கு நல்ல மார்க், கட்டிங்கில் குறைத்துவிட்டார்கள். இப்போது வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மஞ்சுளா மகள் தோளில் சாய்ந்து அழுதாள். "என்னாத்துக்கும்மா என்னைக் காட்டினே? டெய்லருன்னு சொல்லியிருந்தா உனக்கு மார்க் வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்மா. அந்த மார்க்கை வெச்சுக்கினு வீட்ல உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி என்று நடிப்பதற்கு ஜன்னல் சீட் வசதி.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இத்தனை காலமாக நாம் உடுத்துவதெல்லாம் யாருக்காக? முந்தானையில் இருக்கும் அழகான டிசைனை நாம் எங்கே பார்க்கிறோம், பின்னால் வருகிறவர்கள் அல்லவா பார்க்கிறார்கள்! ஜாக்கெட் முதுகில் அத்தனை வேலைப்பாடு — போட்டவளுக்கு அதில் ஏதாவது தெரியுமா? உடம்பு நம்முடையது, காசு நம்முடையது… பார்வை மட்டும் ஊராருடையது. நமக்கென்று நேராக நிற்க ஒரு பூ இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அம்மா அளவு டாப் இப்போது மஞ்சுளாவிடம்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நாகரசம்பட்டியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நாத்தனார் மேலும் கீழும் பார்த்தாராம்.

"என்னா அண்ணி, பூவெல்லாம் தலைகீழா இருக்குது? பொண்ணு டிசைன் படிக்கிறான்னு சொன்னீங்க?"

மஞ்சுளா குனிந்து தன் ரோஜாக்களைப் பார்த்தாளாம். தொப்பி கழற்றிய அந்த ஒன்றைத் தடவிக்கொண்டே சொன்னாளாம்.

"உனக்குத்தான் அப்படி. எம்பொண்ணு எனக்குப் பாத்து வரைஞ்சிருக்கா."

ஒரு நாத்தனாருக்கு இப்படி ஒரு பதில் சொல்ல, கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருக்கிறேன்!