அளவுக்கு நிறுத்திய அம்மா

தெற்கே, காலி நகரத்துக் கடலோரக் கோட்டைக்குப் போனது அம்மாவும் நானும். அப்பா வரவில்லை. தங்கச்சி அப்பாவுக்குத் துணையாக நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அப்பாவுக்குச் சீனி வியாதி கண்ணுக்கு ஏறியிருந்தது. மிச்சமிருக்கிற பார்வையும் சீக்கிரம் போய்விடும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவர் வாழ்நாளில் கடல் பார்த்ததில்லை. நான் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பழைய கேமரா ஒன்று வாங்கி, லீவு நாட்களில் மலையையும் மூட்டத்தையும் எடுத்துக்கொண்டிருந்தேன். "எந்நேரமும் இந்த மலையத்தானே புடிக்கிற. சூரியன் கடல்ல எறங்குறத எடுத்துட்டு வாடா, பாத்துக்கிறேன்" என்றார். "அம்மாவையும் பக்கத்துல நிக்க வை. அப்பத்தான் எம்புட்டுப் பெருசுன்னு தெரியும்."

"நான் என்ன அளவுகோலா?" என்றாள் அம்மா. ஆனாலும் பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்து உதறினாள்.

விடியுமுன் புறப்பட்டு, கொழும்பில் பஸ் மாறி, பின்னேரம்தான் காலிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளிச்ச வீட்டை முதலில் எடுத்தேன். அம்மா அதன் அடியில், பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டை மதிலோடு நடந்து மேற்குப் பக்கம் போய் உட்கார்ந்தோம். சூரியன் இறங்கும் நேரத்தைப் போனில் பார்த்து வைத்திருந்தேன். அதற்கு இன்னும் நேரமிருந்தது. ஆனால் கடலுக்கு மேலே கறுப்பாக ஒரு மேகம் கிடந்தது. சூரியன் அதற்குள் போனதும் எல்லாம் சாம்பலாகிவிட்டது.

"மூட்டம் ஏறிருச்சு தம்பி. இனி எங்க வரப்போகுது? வா, பஸ்ஸப் புடிப்போம்."

எங்கள் பக்கத்தில் பின்னேரம் மூட்டம் ஏறினால் அன்றைக்குச் சூரியன் அவ்வளவுதான். மறைந்ததைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. எனக்கும் அம்மா சொன்னது சரியாகவே பட்டது. சாம்பல் கடலில் அம்மாவை நிறுத்தி நாலு படம் எடுத்து, கேமராவைப் பைக்குள் வைத்தேன். மதிலில் இருந்த மற்றவர்கள் யாரும் எழும்பவில்லை. அதைப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பஸ் கடலோரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் இருந்த அம்மா என் கையைத் தட்டினாள்.

"தம்பி, அது என்னா?"

மேகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சூரியன் வெளியே வந்திருந்தது. நல்ல சிவப்பு. பை மேல்தட்டில் இருந்தது, நடுவழியெல்லாம் சனம். தென்னைமரங்களுக்கு இடையில் அது தெரிந்து தெரிந்து மறைந்தது. நான் எழும்பவில்லை. அம்மாவும் எழும்பச் சொல்லவில்லை.

வீட்டில் அப்பா கேமராவை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். "இந்தச் சாம்பலு நம்ம வாசல்லயே இருக்கேடா. இதுக்கா காலி வரைக்கும் போனீங்க?" தங்கச்சி சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

எனக்கு அடுத்த லீவு கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அம்மாவுக்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை கூடிய காலம், வர முடியவில்லை. தனியாகப் போனேன். கடைசி வரை மதிலிலேயே இருந்தேன். நல்ல படம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கேமராவை அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"தண்ணியத் தொட்டுருச்சா?"

"பாதி உள்ள போயிருச்சுப்பா."

"அம்மா எந்தப் பக்கம் நிக்கிறா?"

"அம்மா வரலயேப்பா."

"அப்ப அளவு தெரியாதே" என்றார்.

இரண்டு பயணம், பஸ் காசு, சாப்பாடு, வேலைக்குப் போகாததால் அம்மாவுக்கு விழாமல் போன ஒரு நாள் பேருக்கான கூலி. எல்லாம் சேர்த்துப் பதிமூவாயிரத்து நானூறு ரூபாய்.