வாசலில் நின்ற வகுப்பு

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. தப்பு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. வீட்டிலும் அப்படித்தான். கணக்கில் பின்தங்கிய என் மகள் செல்போனில் சிறப்பு வகுப்பு கவனிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து விடையைக் கிசுகிசுத்துவிடுவேன்.

ஒருநாள் டீச்சர், "நல்லா போடுற. இனிமே இந்த கிளாஸ் உனக்கு வேணாம்மா" என்றார். நான் பூரித்தேன். மகள் அழுதாள்.

"எனக்கு வகுத்தல் கணக்கே வரலம்மா. நீயே சொல்லிக்கினு இருந்தா நான் எப்போ கத்துக்கிறது?"

டீச்சரிடம் உண்மையைச் சொல்லி, வகுப்பைத் தொடரச் சொன்னேன். மறுநாள் வகுப்பு தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே மகள் சொன்னாள்: "தெரியல மிஸ்."

"அப்படிச் சொல்லு. வா, சேர்ந்து போடலாம்" என்றது போனில் டீச்சரின் குரல்.

கதவைத் தள்ளப் போன கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். இன்றும் வகுப்பு நேரத்தில் அப்படித்தான் நிற்கிறேன்.