மீராசாஹிப் களவாகப் போட்டுக்கொண்ட மூன்று ஊசி

வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிற மீராசாஹிப்புக்கு ஒருநாளும் மைக் தேவைப்பட்டதில்லை. ஓட்டமாவடியில் அவர் தும்மினால் பாலத்துக்கு அப்பாலிருந்து துஆ வரும் என்று சொல்வார்கள். வயது அறுபத்தொன்று. சீனி வருத்தம், பிரஷர், அத்தோடு முழங்கால் நோவுக்குப் பத்து வருடமாகக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய குளிசைகள். அந்த உடம்பில் சத்தம் போடாமல் வேலை செய்தவை அவருடைய இரண்டு சிறுநீரகங்கள் மட்டுமே. அதனால்தான் அவை பாதி பழுதானது அவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் காலை ஏலம் உச்சத்தில் இருந்தபோது, தரையில் கிடந்த திருக்கையின் முள் அவருடைய வலது பாதத்தில் ஏறியது. மஞ்சளை அப்பி, பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தார். ஐந்தாம் நாள் கால் பூசணிக்காய் போல வீங்கியது. காய்ச்சலில் வீட்டுக் கோழிகளை ஏலம் விடத் தொடங்கியதும் மனைவி ஸஹீதா ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

வாட்டில் பக்கத்துக் கட்டிலில் சீனித்தம்பி இருந்தார். பனிச்சங்கேணிக்காரர், களப்பில் நண்டு பிடிப்பவர். அவருக்கும் காலில் புண், அவருக்கும் அதே ஊசி மருந்து. தினமும் காலை பத்து மணிக்குத் தாதி யசோதினி வந்து சீனித்தம்பிக்கு மருந்தை ஏற்றுவாள். மீராசாஹிப்புக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

“எனக்கெங்க புள்ள?”

“ஒங்களுக்கு நாளைக்குத்தான், ஐயா.”

“அவருக்கு நேத்தும் போட்ட, இண்டைக்கும் போடுறீங்க. ரெண்டு பேருக்கும் கால்தானே பழுது?”

“கால் ஒண்டுதான், கிட்னிதான் வேற. கிட்னி வெளிய தள்ள வேண்டிய கிரியேட்டினின் கழிவு ஒங்கட இரத்தத்தில கூடிக் கிடக்கு. டொக்டர் கணக்குப் பாத்துத்தான் எழுதினவர்.”

மீராசாஹிப் அந்தக் கணக்கை நம்பவில்லை. டொக்டர் திவாகரனின் மாமியாருக்குத் தாம் எப்போதோ வயிறு இளகிய பாரை மீனைத் தள்ளிவிட்டதாகவும், அதற்குத்தான் இந்தப் பழிவாங்கல் என்றும் ஸஹீதாவிடம் அடித்துச் சொன்னார். திவாகரனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

சீனித்தம்பியின் பிரச்சினை வேறு. முதலை கிடக்கிற களப்பில் இடுப்பளவு தண்ணீரில் தனியே நிற்கிற அந்த மனிதருக்கு ஊசி என்றால் உயிர் போகும்.

“காக்கா, ஒங்களுக்குக் காணாதெண்டா என்ர பங்கையும் நீங்களே எடுங்களன்” என்றார், அண்ணன் முறை வைத்து.

யசோதினி வராமல் பயிற்சித் தாதிகள் தனியாக வந்த காலைகளில், மீராசாஹிப்புக்கு ஊசி இல்லாத நாள் பார்த்து இருவரும் கட்டில் மாறினார்கள். மீராசாஹிப் தொப்பியைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, பெயர் கேட்டபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லிய குரலில், “சீனித்தம்பி” என்றார். இப்படி ஒரு கிழமைக்குள் மூன்று தடவை. தம்முடைய சொந்த ஊசிகளையும் விடவில்லை. எல்லாரையும் முந்திச் சுகமாகிவிடப் போவதாக நினைத்தார்.

பிறகு காதுக்குள் ஒரு சத்தம் தொடங்கியது.

“ஸஹீதா, அந்த ஃபேன நிப்பாட்டு. இரையுது.”

“அது முந்தநாளே பழுதாப் போன. சுத்துதே இல்ல, பாருங்க.”

எழுந்து நின்றால் தலை சுற்றியது. சிறுநீரும் குறைந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் இரண்டு மடங்காக ஏறிக் கிடந்தது. சீனித்தம்பிக்கோ புண் மறுபடி மணக்கத் தொடங்கியிருந்தது. திவாகரன் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்று மருந்துத் துண்டுகளை மாறி மாறிப் பார்த்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதப்பட்டவருக்கு மருந்து கூடிப்போன குணங்குறி. தினமும் எழுதப்பட்டவருக்கு மருந்தே போகாத குணங்குறி.

யசோதினி சீனித்தம்பியின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். “அண்ணன், உண்மையச் சொல்லுங்க...” என்று அவள் தொடங்குமுன்பே அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தொப்பி விவகாரம் உட்பட.

திவாகரன் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு மீராசாஹிப்பின் காதருகே உட்கார்ந்து, சத்தமாகச் சொன்னார்:

“கன மருந்த ஈரல் கரைச்சிரும், இந்த மருந்த ஈரல் தொடாது. இரத்தத்தோட உங்கட காலுக்குப் போய்க் கிருமியக் கொல்லும். மறுகா கிட்னி வடிச்சு, வந்த மருந்த வந்தபடியே சலத்தில வெளிய விடணும். வேற வழி இல்ல. உங்கட கிட்னி அத மெதுவாத்தான் விடுது. ஒரு ஊசி வெளிய போய் முடிய ரெண்டு நாள் எடுக்கும். அதுக்குள்ள இன்னொண்டு ஏத்தினா, மிச்சம் போய்க் கிட்னியிலயும் காதுக்குள்ளயும் குந்தியிரும்.”

“அப்ப நீங்க குறைச்சுத் தரல்லையா?”

“இல்ல. அவருக்கு ரெண்டு ஊசி செய்யிற வேலய உங்களுக்கு ஒரு ஊசியே செய்யும். உங்கட உடம்பில அது கனநேரம் நிக்கும், அவ்வளவுதான்.”

“மறுகா காது கேக்குமா, டொக்டர்?”

“கிட்னி பழைய நிலைக்கு வரலாம். காதச் சொல்லேலாது.”

மீராசாஹிப் அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே பயம் பிடித்திருந்தது. சத்தம் நின்றதைக் கண்டு, ஆள் முடியப் போகிறார் என்று எதிர்க் கட்டில்காரர் தம் மனைவியிடம் குசுகுசுத்தார்.

மீராசாஹிப்புக்கு அந்த மருந்தை நிறுத்தி வேறொன்று கொடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். சீனித்தம்பிக்கு யசோதினியே பக்கத்தில் நின்று ஊசி போட்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மீராசாஹிப்பின் கையைப் பிடித்துக்கொள்வார். “இதில ஒண்டுமில்ல தம்பி, நான் ஒங்கட மூணையும் தாங்கினவன்” என்று இவர் தேற்றுவார்.

மூன்று கிழமையில் சிறுநீரகங்கள் பழைய அரைகுறை நிலைக்குத் திரும்பின. கால் ஆறியது. காதிரைச்சலும் குறைந்தது. ஆனால் மெல்லிய சத்தங்கள் போனது போனதுதான். ஃபோன் அடிப்பது கேட்காது, பேத்தி குசுகுசுவென்று சொல்லும் இரகசியங்கள் கேட்காது. இதை ஸஹீதாவிடம் சொன்னபோது மட்டும் கண் கலங்கினார். ஏலத்தில் வாய்க்குள் முணுமுணுத்து விலை கேட்கிற வியாபாரிகளிடம், “கையத் தூக்குங்கடா!” என்றார். இப்போது தூக்குகிறார்கள். அவருடைய குரலோ முன்னைவிடக் கூடிவிட்டது.

போன கிழமை பல் நோவுக்கு மருந்து வாங்கப் பாமசிக்குப் போனார்.

“என்ர கிட்னி அரைவாசிதான் வேல செய்யுது!” என்று வீதிக்கே கேட்கும்படி அறிவித்தார். “இது எதால வெளிய போற மருந்து?”

கடைப்பிள்ளை முப்லிஹா பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்திருந்த தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். மீராசாஹிப் கையைக் காதோரம் குவித்துக்கொண்டு, “ஒள்ளுப்பம் சத்தமா வாசி, புள்ள” என்றார்.