கிடங்கு வாயை மறித்த லியோனார்ட்

ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் லியோனார்ட் மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் டிரைவர் அவர். வானம் லேசாகக் கறுத்தாலே வலையை ஏற்றச் சொல்லிவிடுவார். மற்ற படகுகள் நிறைய மீனோடு வரும் நாளில் அவர் படகு பாதி நிரம்பித்தான் திரும்பும்.

"மச்சான், உன்னாண்ட கப்பலைக் குடுத்தாலும் கரையிலயே நங்கூரம் போட்ருவ" என்று அவர் தங்கை புருஷன் இன்னாசி கேலி செய்வார். அவரும் அதே படகில்தான் வேலை.

"ஆமா, எனுக்குப் பயம்தான். அதான் நீ இன்னும் என் தங்கச்சி கையால சோறு துன்னுகினு கீறே" என்பார் மாமா.

தலைவன் என்றால் எல்லோருக்கும் முன்னால் குதிக்கிறவன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்களின் வழக்கமும் அதுதான். கடலில் ஒருவன் விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் யோசிக்காமல் குதிக்க வேண்டும். யோசித்தவனை மறுபடி யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற வாரம். துறைமுக ஜெட்டியில் கட்டியிருந்த படகை எல்லோரும் கழுவிக்கொண்டிருந்தார்கள்; நானும் கூட இருந்தேன். தடை தொடங்கியதிலிருந்து மூடியே கிடந்த, படகுத் தளத்துக்குக் கீழே உள்ள மீன் கிடங்கை அன்றுதான் திறந்தார்கள். அடியில் தேங்கிய ஐஸ் தண்ணீரில் பழைய மீன் அழுகிக் கிடந்தது. அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் வந்தது. "இன்னா கலீஜுடா" என்று சிரித்துக்கொண்டே வாளியோடு இறங்கினார் இன்னாசி.

வாளி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆள் விழுகிற சத்தம். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

மாமாவின் மகன் டெரிக் ஓடி வந்தான். மாமா அதற்குள் கிடங்கு வாயின் குறுக்கே உட்கார்ந்து, இரண்டு பக்க விளிம்பையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வழி வுடு நைனா! இன்னாசி மாமா உள்ள கீறாரு!"

"தெரியும். உள்ள இருக்கறது விஷக் காத்து. எறங்குனா நீயும் வுழுவ. உன்னை எடுக்க இன்னொருத்தன் எறங்குவான்."

டெரிக் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். அவர் அசையவில்லை. சாப்பாட்டுக் கூடையோடு வந்த பிலோமி, இன்னாசியின் மனைவி, விஷயம் கேட்டுக் கூடையைப் போட்டுவிட்டுப் படகில் ஏறினாள். அண்ணன் முதுகில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"எழுந்திருண்ணா! என் புருஷனைச் சாவடிக்கிறியே, கொலகாரா!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கெடங்கோட பின்னாடி மூடியையும் தொற. தௌசீஃபை மேல இழு" என்று மட்டும் கத்தினார். பக்கத்துப் படகுக்கு அடியில், காற்று மெஷினின் குழாயை வாயில் வைத்தபடி, பாசி சுரண்டிக்கொண்டிருந்தான் தௌசீஃப். அவன் மேலே வந்தால்தான் அந்தக் காற்று கிடைக்கும். ஒருவன் போய்க் குழாயை இழுத்து இழுத்துச் சைகை காட்டினான். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. தௌசீஃப் வரவில்லை. கிடங்குக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மாமாவின் உதடு வெளுத்திருந்தது. ஆனால் கை விளிம்பை விடவில்லை.

ஒருவழியாகத் தௌசீஃபின் தலை தெரிந்தது. "நான் எறங்கறேண்ணே" என்றான்.

"வாணாம். உள்ள ஏணி எங்க, தடுப்பு எங்கன்னு உனுக்குத் தெரியாது. குழாயக் குடு."

மாமா இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டார். இன்னாசிக்காக இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அதன் முனையை மற்றவர்களிடம் கொடுத்தார். இடுப்புக் கயிற்றின் முனையை டெரிக்கின் இரண்டு கையிலும் சுற்றினார்.

"எனுக்குப் பயமாத்தான் கீது. நல்லாக் கேட்டுக்க. கயிறு ஆடிக்கினே இருந்தா நான் நல்லா கீறேன். நின்னா இழு. எறங்காத."

குழாயை வாயில் கவ்விக்கொண்டு மாமா இறங்க, கயிறு டெரிக்கின் கைக்குள் துடித்துக்கொண்டே உள்ளே போனது. மெஷின் மட்டும் தடதடத்தது. திடீரென்று கயிறு நின்றது. டெரிக்கின் ஒரு கால் ஏணியை நோக்கிப் போனது. கையில் கயிறு சுற்றியிருந்ததால் அவனால் விளிம்பைப் பிடிக்க முடியவில்லை. அவன் அழுதுகொண்டே காலைப் பின்னால் வைத்து, ஊன்றி இழுக்கத் தொடங்கினான். அப்போது கயிறு மறுபடி ஆடியது. கூடவே இரண்டாவது கயிறும் வெட்டி இழுத்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள்.

முதலில் இன்னாசி வந்தார், முகம் நீலம் பாய்ந்து. பின்னால் மாமா ஏறி வந்தார். பலகையில் கிடத்தி நெஞ்சை அமுக்கியபோது இன்னாசி ஒருமுறை இருமினார். பிலோமி அலறினாள். ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்னாசி பிழைத்துக்கொண்டார். குரல்தான் இன்னும் கரகரப்பாக இருக்கிறது. கேலி குறையவில்லை.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிலோமி மீன் குழம்போடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். கிண்ணத்தை அண்ணன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அவரு செத்துப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்பண்ணா?"

"இன்னா பண்றது? நீ சொன்ன மாதிரி கொலகாரன்தான். சாவற வரைக்கும் நீ என் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்ட."

"தெரிஞ்சேவா மறிச்சிக்கினு இருந்த?"

"அதை நெனச்சுத்தான் பயந்தேன். விஷக் காத்துக்குக்கூட அவ்ளோ பயப்படல. ஆனா டெரிக்கு உசுரோட இருப்பான் இல்ல? மத்தவனுங்க இருப்பானுங்க இல்ல?"

சோற்றில் குழம்பை ஊற்றப் போனார். பாதி தரையில் கொட்டியது. பிலோமி கிண்ணத்தை வாங்கி அவருக்கு ஊற்றினாள்.