மழை விட்டதும் அடித்த அலாரம்

அலாரம் எப்போது அடிக்க வேண்டும்? ஆபத்து வரும்போது. எங்கள் வீட்டு அலாரம் போன கிழமை எப்போது அடித்தது தெரியுமா... மழை விட்ட பிறகு!

என் வீட்டுக்காரர் சேவியர், இறக்குவானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு சாப்ட்வேர் எழுதுகிறவர். அவருடைய அக்கா மேரி இருப்பது கீழ் லயத்து வரிசை வீடு ஒன்றில் — தலைக்கு மேலே எப்போது சரியுமோ என்றிருக்கும் மண்மேடு. பெருமழை என்றால் இவருக்குச் சோறு இறங்காது. அதனால் கூரையில் மழைமானி வைத்து, மழை கூடினால் அக்காவின் போன் அலறும்படி ஒரு புரோகிராம் எழுதினார். மானியில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஊற்றி முடித்துச் சற்று நேரத்தில் போன் அலறியது. கைதட்டினோம்.

போன கிழமை ஒரு நாள் காலையில் பிடித்த மழை விடவே இல்லை. போன் மூச்சுக் காட்டவில்லை. மதியம் அக்கா தானாகவே பிள்ளைகளோடு தொப்பலாக நனைந்து வந்தார்.

"மேட்டுலருந்து வடிகான்ல செம்மண்ணா தண்ணி வருது தம்பி. பயந்து ஓடியாந்துட்டேன்."

பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். மழை விட்டது. அப்போதுதான் அக்காவின் போன் வீட்டையே தூக்கியது!

"ஏன்டா தம்பி, மழை விட்டுருச்சுன்னு சொல்லவா இந்த மெசினு?"

எல்லோரும் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. அக்கா அலாரத்தை நம்பி உட்கார்ந்திருந்தால்?

லேப்டாப்பைத் திறந்து பார்த்தவர், "டிபவுன்ஸ்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அது என்னங்க?"

"மானியிலருந்து செய்தி ஓடை மாதிரி வந்துகிட்டே இருக்கும். அதுல எதை, எப்ப விடணும்னு சொல்ற கட்டளைதான் ஆபரேட்டரு. அதுல ஒண்ணுதான் நான் போட்ட டிபவுன்ஸ்; அது வரத்து நின்னு ஒரு நிமிஷம் அமைதியானாத்தான் கடைசிச் செய்தியை விடும். சும்மா சும்மா அலறக் கூடாதுன்னு போட்டேன்."

"நம்ம ஊரு மழை எங்கங்க நிக்குது?"

"அதான்..." என்றபடியே லேப்டாப்பில் குனிந்தார்.

அதை எடுத்துவிட்டு 'த்ராட்டில்' போட்டார். அது ஓய்வுக்காகக் காத்திருக்காதாம். வரத்து நிற்காவிட்டாலும் நிமிடத்துக்கு ஒரு செய்தியை விட்டுக்கொண்டே இருக்குமாம்.

நம்மில் பாதிப்பேர் டிபவுன்ஸ்தானே? அவள் கோபம் ஓயட்டும், இவன் அழுகை ஓயட்டும், பிறகு பேசலாம்... ஓய்ந்த பிறகு பேச என்ன இருக்கிறது?

நேற்று மறுபடி மழை. பெய்யும்போதே போன் அலறியிருக்கிறது. அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"அடுப்புல சோறு பாதி வேக்காட்டுல கெடக்குடா! ஒன் மெசினத் தூக்கி ஆத்துல போடு!"

திட்டு வாங்கி இத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததே இல்லை.