கோட்டைச் சமையலறையில் எடுத்த படம்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில், பொலிதேயாமா அரங்கின் பக்கத்து வீடொன்றில் வீட்டுக்கார அம்மாவின், அதாவது சிஞ்ஞோராவின், வயதான தாயைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு கோடையில் அவர்கள் குடும்பமாக இங்கிலாந்து போனபோது தாய்க்குத் துணையாக என்னையும் கூட்டிப் போனார்கள்.

அங்கே பழைய கோட்டை ஒன்றைப் பார்க்கப் போனோம். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அகழி, கொத்தளம், ரோஜாத் தோட்டம் என்று வழிகாட்டி சொன்னதையெல்லாம் இத்தாலியனில் சொல்லிக்கொண்டே நடந்தேன். சிஞ்ஞோரா அடிக்கடி என் தோளைத் தட்டிப் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாகக் கோட்டையின் சமையலறைக்குள் போனோம். பெரிய அடுப்பருகே ஏப்ரன் கட்டிய வேலைக்காரியின் மெழுகுப் பொம்மை ஒன்று நின்றது.

"அவளுக்குப் பக்கத்தில் போய் நில், படம் எடுக்கிறேன்" என்றார் சிஞ்ஞோரா.

பின்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் எங்களுக்காக ஒதுங்கி நின்றது. நான் போய் நின்றேன். வழிகாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலெர்மோ திரும்பியதும் அந்தப் படத்துக்குப் பிரேம் போட்டு வரவேற்பறையில் வைத்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தார்கள். ஒரு நாள் துணிந்து, அதை எனக்குத் தரும்படி கேட்டேன். படம் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, சிஞ்ஞோரா சந்தோஷமாகப் பிரேமோடு எடுத்துத் தந்தார்.

போர்கோ வெக்கியோவில் இருந்த எங்கள் அறையில், என் கணவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"உம்மைச் சிரிக்கச் சொன்னவையோ?"

"இல்லை, ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.