மூன்று முறை அடித்த போன்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேலூர் லாங் பஜார் பக்கம் நண்பர் வீட்டு மாடியில் நாங்கள் நான்கு பேர் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்தோம். நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் சீட்டு.

எதிர் ஜோடி இஸ்பேட்டைத் துருப்பாக வைத்து ஸ்லாம் கேட்டுவிட்டது. அதாவது பதின்மூன்று பிடியில் பன்னிரண்டை எடுப்பதாகச் சவால். என்னிடம் ஒரு ஆஸும், ராணியோடு நான்கு துருப்பும் இருந்தன. 'டபுள்' சொல்லி அவர்கள் தோற்றால் எங்களுக்குப் பாயிண்ட் கொட்டும். ஆனால் துருப்பு என்னிடம்தான் என்று நானே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும், உஷாராகி ஜெயித்துவிடுவார்கள்.

சொல்வதா வேண்டாமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கள் ஃபிட்டர். என்னைக் கேட்காமல் யாரும் கழிவுநீர்க் குழியில் இறங்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். பம்ப் அடைத்திருக்கும், ஐந்து நிமிடத்தில் கூப்பிடலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்த பிறகு, டபுள் வேண்டாம் என்று முடிவு செய்து "பாஸ்" என்றேன்.

எதிர் ஜோடி ஒரு பிடியில் தோற்றது. டபுள் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டதற்கு என் பார்ட்னர் கை குலுக்கினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் போனைத் திருப்பினேன். நான் கூப்பிட்டபோது எடுத்தது வாட்ச்மேன். குழியில் இறங்கிய ஃபிட்டர் விஷவாயுவில் மயங்கிவிட்டார், இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து மேலே இழுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்.

உயிர் பிழைத்தார். ஆனால் நுரையீரல் போனது போனதுதான். நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

"மூணு தபா போன் போட்டேன் சார். வேணாம்னா எடுத்துத் திட்டியிருப்பீங்க. எடுக்கலியே, சரி, எறங்கச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது அவருக்கு கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. காலையில் எனக்கு வணக்கம் சொல்ல எழுந்தாலே மூச்சு வாங்குகிறது. நான் சீட்டை விடவில்லை. சீட்டு என்ன பாவம் செய்தது? போனைத்தான் கவிழ்த்து வைப்பதில்லை. பிரிட்ஜில் ஒருவர் கேட்ட பிறகு வரிசையாக மூன்று பாஸ் விழுந்தால் ஏலம் முடிந்துவிடும், கேட்டவர் கேட்டபடியே இறங்கி ஆட வேண்டியதுதான். அன்று அந்த மூன்றையும் அவருக்கு நான் ஒருவனே சொல்லியிருக்கிறேன் என்பது இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.